எத்தனை ஜிபி இருந்தால் பிக் டேட்டா? ஒரு நெல்லைக் கணக்கு

"அண்ணாச்சி, எத்தனை ஜிபி இருந்தா அது பிக் டேட்டா?"

திருநெல்வேலிப் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. ஆனால் அப்படி ஓர் எண் கிடையாது. ஏன் கிடையாது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத்துக் காற்றாலைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்குள்ளும் காற்றின் வேகம், திசை, இறக்கையின் கோணம், கியர்பாக்ஸின் சூடு, ஜெனரேட்டரின் சுற்று, வெளியே போகிற மின்சாரம் என்று பலவற்றை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. கணக்கு எளிதாக இருக்க, 100 காற்றாலை, ஒவ்வொன்றிலும் 100 சென்சார் என்று வைப்போம். பத்து நிமிடச் சராசரியை எழுதி வைப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள். 144 × 100 × 100 என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம் அளவீடுகள். ஓர் அளவீட்டுக்கு 20 பைட் என்றால் நாளுக்கு 28.8 எம்பி, ஆண்டுக்குப் பத்தரை ஜிபி. கீ செயினில் தொங்குகிற பென் டிரைவில் அடங்கிவிடும்.

காற்றாலையும் அதேதான், சென்சாரும் அதேதான். பத்து நிமிடத்துக்குப் பதிலாக நொடிக்கு ஒரு தடவை எழுதச் சொல்லிப் பாருங்கள். நாளுக்கு 86 கோடியே 40 லட்சம் அளவீடுகள், 17 ஜிபிக்கு மேல். ஆண்டுக்கு ஏறக்குறைய 6.3 டிபி (1 டிபி என்பது 1,000 ஜிபி). பெருகியது காற்றாலை இல்லை, நாம் கேட்ட கேள்விதான். "போன மாதம் எத்தனை யூனிட் ஓடியது?" என்ற கேள்விக்குப் பத்து நிமிடக் கணக்கே தாராளம். "இந்தப் பேரிங் ஆடிக் காற்று முடிகிற வரை தாங்குமா?" என்று கேட்டால் அதன் அதிர்வை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்தாக வேண்டும். அங்கேதான் டேட்டா பூதமாகக் கிளம்புகிறது.

ஆகவே எங்கள் விளக்கம் இதுதான்: ஒரே கம்ப்யூட்டரில் வைத்து, வேண்டிய நேரத்துக்குள் பதில் வாங்க முடியாமல் போகிற இடத்தில் பிக் டேட்டா தொடங்குகிறது. பாடப்புத்தகத்தில் அளவு, வேகம், வகை என்று மூன்றைச் சொல்வார்கள். டக் லேனி என்ற ஆய்வாளர் 2001-இல் எழுதிய பகுப்பு அது, இன்றும் பயன்படுகிறது. அளவு என்பதை மேலே பார்த்தோம். வேகம் என்றால் டேட்டா நிற்காமல் வந்துகொண்டே இருப்பது. வகை என்றால் ஒரு பக்கம் அட்டவணை, ஒரு பக்கம் போட்டோ, ஒரு பக்கம் குரல் பதிவு என்று வந்து சேர்வது. தேர்வுக்கு இவ்வளவு போதும். வேலைக்கு உட்காரும்போது கைகொடுப்பது முன்னால் சொன்ன ஒற்றை வரிதான்.

ஒரு மேசையில் எண்ண முடியாத ஓட்டு

ஒரு கம்ப்யூட்டர் ஏன் போதவில்லை? சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 எம்பி படிக்கும் என்று வைப்போம். 1 டிபியை முழுவதும் படித்து முடிக்க 6,667 நொடி, அதாவது 1 மணி 51 நிமிடம். இது படிக்க மட்டுமே ஆகிற நேரம், கணக்குப் போட அல்ல. அதே 1 டிபியை 20 டிஸ்க்கில் பிரித்து வைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படித்தால் ஐந்தரை நிமிடம். இந்தத் தொழில்நுட்பம் முழுக்க நிற்பது இந்த வகுத்தலின் மேல்தான்.

நம் ஊரில் எல்லோரும் பார்த்த ஒரு காட்சி இதை நன்றாக விளக்கும். ஓட்டு எண்ணும் நாளில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு வழக்கமாக 14 மேசை போடுவார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வாக்குச்சாவடியின் இயந்திரம் வரும். மேசையில் இருப்பவர் அந்த ஒரு இயந்திரத்தைப் பார்த்து, இந்த வேட்பாளருக்கு இவ்வளவு, அந்த வேட்பாளருக்கு இவ்வளவு என்று எழுதுவார். மற்ற 13 மேசையில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. பிறகு தாள்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, வேட்பாளர் வாரியாகக் கூட்டிச் சுற்று முடிவை அறிவிப்பார்கள். மேசையில் நடப்பது 'மேப்', கூட்டுகிற இடத்தில் நடப்பது 'ரெடியூஸ்'. கூகுளில் இருந்த ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-இல் கட்டுரையாக வெளியிட்ட மேப்ரெடியூஸ் முறையின் உயிர் இவ்வளவுதான். அதைப் பின்பற்றி டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் உருவாக்கிய மென்பொருள் ஹடூப், 2006-இல் தனித் திட்டமாக வந்தது. கட்டிங்கின் மகன் வைத்திருந்த மஞ்சள் யானைப் பொம்மையின் பெயர்தான் அது. யாராவது அந்தப் பெயரை விரித்துச் சொல்லச் சொன்னால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அது சுருக்கெழுத்தே இல்லை.

இந்த ஓட்டு எண்ணும் கூடத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் பிக் டேட்டாவின் தொல்லைகளும் தெரியும். 13 மேசை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும், ஒரு மேசையில் மட்டும் இயந்திரம் மக்கர் செய்யும். அந்த ஒரு மேசைக்காகச் சுற்று முழுவதும் காத்திருக்கும். கம்ப்யூட்டர் கூட்டத்திலும் இப்படித்தான்: கடைசி இயந்திரம் முடிக்கிற வரை வேலை முடியாது. அதனால்தான் மேப்ரெடியூஸில், பின்தங்கிய வேலையை வேறோர் இயந்திரத்திலும் ஓடவிட்டு, எது முந்தி முடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு முதலிலிருந்தே இருந்தது.

இன்னொரு தொல்லை, பங்கு சமமாக விழாதது. பெயரின் முதல் எழுத்தை வைத்து ஆட்களை இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாக வைப்போம். நம் ஊரில் என்ன ஆகும்? இசக்கி, இசக்கிமுத்து, இசக்கியம்மாள் எல்லாம் ஓர் இயந்திரத்தில் போய் விழும். சுடலை, சுடலைமுத்து, சுப்பையா, சுப்புலட்சுமி எல்லாம் இன்னொன்றில். 'ஔ' வாங்கிய இயந்திரம் சும்மா இருக்கும். இது இயந்திரத்தின் குறை இல்லை, எதை வைத்துப் பிரித்தோம் என்பதில் உள்ள குறை. வேலை 99 சதவீதம் வரை விறுவிறுவென்று ஓடி, அதோடு மணிக்கணக்கில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பிரிப்பதற்கு எடுத்துக்கொண்ட அந்த மதிப்பைச் சாவி என்பார்கள்; எந்தச் சாவிக்கு எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல நூறு மடங்கு இருந்தால் அதைத் தனியாக எடுத்து, ஒவ்வொரு வரியிலும் சாவியோடு ஒன்று முதல் இருபது வரை ஏதாவது ஓர் எண்ணை ஒட்டி இருபது பங்காக்கி எண்ணிவிட்டு, கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரித்து வைத்தால் போதாது, பிரதியும் வேண்டும். ஹடூப் ஒரு பெரிய கோப்பை 128 எம்பி துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மூன்று இயந்திரங்களில் வைக்கும். மூன்றும் ஒரே அலமாரியில் உள்ள இயந்திரங்களாக இருக்காது, ஒன்றாவது வேறு அலமாரியில் இருக்கும். விதைநெல்லை முழுவதும் ஒரே குதிரில் கொட்டி வைக்காத புத்திதான். ஆனால் எல்லா அலமாரியும் ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தால்? 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலமாரி கெட்டால் காப்பாற்றுகிற பிரதி வேறு, கட்டடமே மூழ்கினால் காப்பாற்றுகிற பிரதி வேறு. இரண்டாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கமாவது இருக்க வேண்டும், வேறு ஊரில் இருந்தால் இன்னும் நல்லது.

டேட்டாவை இடம் மாற்றுவதும் லேசில்லை. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் 1 டிபியை ஏற்ற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் இணைப்பு ஒரு தடவைகூட அறுந்துபோகாமல் இருந்தால். ஆகவேதான் டேட்டா இருக்கிற இடத்துக்கு நிரலை அனுப்புவார்கள். நிரல் சில கேபி, டேட்டா டிபி. 2009-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்பார்க் என்ற மென்பொருள், நடுவில் வருகிற விடைகளை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்காமல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதால் வேகமாக ஓடுகிறது. அடிப்படைக் கருத்து மாறவில்லை.

முதலில் உங்கள் லேப்டாப்பை நம்புங்கள்

இங்கே எங்கள் கருத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். 8 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்பில் மூன்று மெய்நிகர் இயந்திரங்களை (ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உண்டாக்கும் கம்ப்யூட்டர்களை) ஏற்றி, அதில் ஹடூப்பை நிறுவி, அது ஓடாமல் ஒரு செமஸ்டரைக் கழிப்பது தொடக்கக்காரர்களுக்கு நாம் செய்கிற பெரிய அநியாயம். அந்த லேப்டாப்பில் 10 ஜிபி, 20 ஜிபி கோப்பை நிமிடங்களில் கூட்டிக் கழிக்க வழி இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்ட பிறகு கூட்டமாக இயந்திரங்களை வைத்து வேலை செய்தால் எது எதற்காக இருக்கிறது என்று தானே புரியும்.

முதல் படி எக்செல்லின் எல்லையைத் தெரிந்துகொள்வது. ஒரு தாளில் 10,48,576 வரிக்கு மேல் ஏறாது. பழைய வகைக் கோப்பென்றால் 65,536 வரிதான். மேலே சொன்ன காற்றாலைக் கணக்கு, பத்து நிமிடக் கணக்கில்கூட, அளவீட்டுக்கு ஒரு வரி போட்டால் ஒரே நாளில் இந்த எல்லையைத் தாண்டிவிடும். 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் வாங்கிச் சேர்த்தபோது, வரி எல்லையைத் தாண்டிய பதிவுகள் விடுபட்டு, 15,841 தொற்றுகள் உரிய நாளில் கணக்கில் வராமல் போயின. எக்செல் இன்னொன்றும் செய்யும்: 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணின் கடைசி இலக்கங்களைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடும். 16 இலக்கக் கணக்கு எண்களைத் திறந்து சேமித்துவிட்டால் போனது போனதுதான். 0462 என்ற நெல்லை எஸ்டிடி குறியீடும் 462 ஆகிவிடும். கூட்டல் கழித்தல் செய்யப்போகிற எண்ணை மட்டும் எண்ணாக வையுங்கள். அடையாள எண், போன் நம்பர், பின்கோடு எல்லாம் எழுத்துகள்தான்.

இரண்டாவது படி, சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த எழுத்துக் கோப்பை, பார்க்கே என்ற வகைக்கு மாற்றுவது. 2013-இல் வந்த இந்த வகை, வரி வரியாக எழுதாமல் பத்தி பத்தியாக, அதாவது அட்டவணையின் நெடுக்கு வரிசைகளாக, சேமிக்கும். 100 பத்தி உள்ள அட்டவணையில் உங்களுக்கு வேண்டியது மூன்று பத்தி என்றால் மூன்றை மட்டும் படிக்கும், மீதி 97-ஐத் தொடாது. இடமும் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை ஓர் ஊர்ப்பெயரை வைத்தே பார்க்கலாம். 'அம்பாசமுத்திரம்' என்று எழுத, எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் 15 குறிகள் வேண்டும். அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 45 பைட். பத்து லட்சம் வரியில் இந்தப் பெயர் வந்தால் 45 எம்பி. பார்க்கே என்ன செய்யும்? பெயரை ஒரு தடவை மட்டும் அகராதிபோல எழுதி, அதற்கு ஒரு சின்ன எண் கொடுத்து, வரிகளில் அந்த எண்ணை மட்டும் போடும். எண்ணுக்கு 1 பைட் என்றாலும் 1 எம்பியில் முடிந்தது. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் அதையும் சுருக்கிவிடும்.

மாற்றும்போது செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் எல்லாப் பத்தியையும் எழுத்தாகவே படித்துவிடுங்கள், மென்பொருளை வகை ஊகிக்க விடாதீர்கள். பிறகு தேதியையும் எண்ணையும் ஒவ்வொன்றாக மாற்றி, மாறாமல் முரண்டு பிடித்த வரிகளைத் தனிக் கோப்பில் ஒதுக்குங்கள். கடைசியாக ஆண்டு, மாதம் வாரியாகப் பிரித்து எழுதுங்கள். பிரிக்கிறேன் பேர்வழி என்று காற்றாலைக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று நறுக்கினால் ஆண்டுக்கு 36,500 கோப்பு, ஒவ்வொன்றும் 288 கேபி. கோப்பைத் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விடும். மாதத்துக்கு ஒன்று என்றால் 12 கோப்பு. ஒரு கோப்பு 100 எம்பியிலிருந்து 1 ஜிபிக்குள் இருந்தால் வசதி.

மூன்றாவது, அதன்மேல் எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியில் கேள்வி கேட்க டக்டிபி போன்ற ஒரு சின்ன மென்பொருள். ஆம்ஸ்டர்டாமில் உருவானது, இலவசம், சர்வர் எதுவும் வேண்டாம். பைதான் மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் பழகியவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும். கோப்பைப் போல ஐந்திலிருந்து பத்து மடங்கு நினைவகம் இருந்தால்தான் திணறாமல் ஓடும். 2 ஜிபி சிஎஸ்வியை 8 ஜிபி லேப்டாப்பில் திறந்துவிட்டு லேப்டாப் உறைந்துவிட்டது என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

உண்மையான வேலை இங்கேதான்

பெரிய இயந்திரம், சின்ன இயந்திரம் எதுவானாலும், விடை தப்பாகப் போவது பெரும்பாலும் டேட்டா எப்படிச் சேர்ந்தது என்று தெரியாததால்தான். நம் வட்டாரத்து டேட்டாவைக் கையில் எடுத்தால் வரிசையாக முட்டுகிற இடங்கள் இருக்கின்றன.

மழைக் கணக்கை எடுங்கள். மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்ப்பார்கள். அப்போது எழுதுகிற எண், முந்தைய 24 மணி நேரத்து மழை. 2023 டிசம்பர் 18 என்று போட்டுக் காயல்பட்டினத்துக்கு எழுதியிருக்கிற 95 செ.மீ. மழையில் பெரும்பகுதி 17-ஆம் தேதியில் பெய்தது. நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கணக்கிடுகிற வேறொரு அட்டவணையோடு இதைத் தேதி வைத்து இணைத்தால், மழைக்கு முன்னாலேயே வெள்ளம் வந்துவிட்டதுபோல வரைபடம் வரும். போதாததற்கு, சில சென்சார்கள் நேரத்தை உலகப் பொதுநேரத்தில் எழுதும். அந்தக் கணக்கில் நம் காலை 8.30 என்பது 3 மணி, புதிய நாள் தொடங்குவது நமக்கு விடிகாலை 5.30-க்கு. இணைப்பதற்கு முன் ஒவ்வொரு அட்டவணையைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: இந்தத் தேதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எந்த ஊர் நேரம்.

அணைக் கணக்கில் அலகு ஆளை ஏமாற்றும். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அடியை வைத்துப் பார்த்தால் முதலாவது பெரியது என்று தோன்றும். ஆனால் இரண்டின் கொள்ளளவும் சுமார் 5,500 மில்லியன் கன அடிதான். நீர்மட்டம் பாதி என்றால் தண்ணீரும் பாதி என்பதும் தப்பு, அணை அடியில் குறுகி மேலே அகன்றிருக்கும். அடியைக் கொள்ளளவாக மாற்ற அந்தந்த அணைக்கான அட்டவணை வேண்டும். வரத்தைக் கன அடி என்று எழுதுவார்கள், அது நொடிக்கு. நொடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுவதும் வந்தால் 86.4 மில்லியன் கன அடி. இந்த ஒரு பெருக்கலைப் போட்டு, வரத்தில் வெளியேற்றத்தைக் கழித்து, இருப்பு அவ்வளவு கூடியிருக்கிறதா என்று சரிபார்த்தால் பாதித் தப்பு அங்கேயே பிடிபடும்.

மாவட்டம் என்ற பத்தியை அப்படியே நம்பாதீர்கள். 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. 'திருநெல்வேலி' என்று வடிகட்டி ஐம்பது ஆண்டு விளைச்சலை வரைந்தால் இரண்டு இடத்தில் கோடு கீழே விழும். விழுந்தது மகசூல் இல்லை, எல்லை. சங்கரன்கோவிலும் கடையநல்லூரும் எங்கேயும் போய்விடவில்லை. ஊர் அளவிலோ தாலுகா அளவிலோ டேட்டாவை வைத்துக்கொண்டு, எந்தத் தாலுகா எந்தத் தேதியிலிருந்து எந்த மாவட்டம் என்று தனி அட்டவணை ஒன்று வைத்தால், எந்த ஆண்டின் எல்லையை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.

தமிழ் எழுத்தில் ஒளிந்திருக்கிற ஒரு வில்லங்கத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற கொக்கிரகுளம். இதில் வருகிற 'கொ'வைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. 'க'வோடு எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. முதலாவதில் மொத்தம் 12 குறிகள், இரண்டாவதில் 13. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு ஊர். ஊர் வாரியாகக் கூட்டினால் கொக்கிரகுளம் இரண்டு தடவை வந்து நிற்கும். படித்த உடனேயே எல்லா எழுத்தையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். பைதானில் ஒரே வரி. ஆனால் ஸ்ரீவைகுண்டம் இதற்கும் மசியாது. 'ஸ்ரீ'யை 'ஸ' வைத்தும் எழுதலாம், 'ஶ' வைத்தும் எழுதலாம், என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது. திருவைகுண்டம் என்று எழுதுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். இதற்கு மாற்று அட்டவணையை நாமேதான் கையால் எழுத வேண்டும். பெயர்களும் இப்படித்தான். எம். இசக்கிமுத்து, இசக்கிமுத்து எம்., முத்தையா மகன் இசக்கிமுத்து மூன்றும் ஒருவராக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். பெயரை மட்டும் வைத்து ஆளை இணைப்பது இந்த ஊரில் நடக்காத காரியம். பிறந்த தேதியோ கதவு எண்ணோ துணைக்கு வேண்டும்.

அளக்காததையும் சுழியையும் ஒன்றாகப் பார்ப்பது அடுத்த ஆபத்து. சென்சார் பழுதானால் சும்மா இருக்காது, 99.9 என்றோ -999 என்றோ எழுதும். ஒரு நாளின் 144 காற்று வேக அளவீடுகளில் 140-இன் சராசரி நொடிக்கு 6 மீட்டர், மீதி நான்கில் 99.9 என்று வைப்போம். நான்கையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 8.6 வரும். 8.6 என்பது சீசனில் இயல்பான வேகம், பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், எதிர்பார்க்கிற மின்சாரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். நான்கே நான்கு வரியால் வந்த வினை. இதே மும்மடிக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 4 மீட்டரும் 8 மீட்டரும் பாதிப் பாதி நேரம் வீசினால் சராசரி 6, அதன் மும்மடி 216. தனித்தனியாக மும்மடி எடுத்துச் சராசரி போட்டால் 288. இடம் மிச்சம் என்று நாள் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால் இந்த வித்தியாசத்தைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

ஓடிவருகிற டேட்டாவுக்கு வேறு குணம். ஜிபிஎஸ் மாட்டிய வண்டி ஒன்று மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு மலையேறுவதாக வைப்போம். சிக்னல் இல்லாத இடத்தில் கருவி இடக்குறிப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கீழே இறங்கியதும் மொத்தமாகக் கொட்டும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் வண்டி இரண்டு மணி நேரம் காணாமல்போய், பிறகு ஒரே நிமிடத்தில் மலையைச் சுற்றி வந்திருக்கும். ஆகவே நடந்த நேரம், வந்த நேரம் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். எவ்வளவு தாமதம் வரை காத்திருப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அதற்குமேல் வருவதைத் தூக்கிப் போடாமல் மறுநாள் கணக்கைத் திருத்த வையுங்கள். சிக்னல் நடுவில் அறுந்தால் கருவி அதே குறிப்பை இரண்டு தடவை அனுப்புவதும் உண்டு. வண்டி எண்ணையும் நடந்த நேரத்தையும் சேர்த்து ஒரு சாவியாக்கி, இரண்டாவதை நீக்கிவிட வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பிக் டேட்டாவுக்கும் பொருந்தும். கொதித்துக் கலந்த பானை என்பதால்தான் அந்தப் பழமொழி பலிக்கிறது. கோப்பு அப்படிக் கலந்திருக்காது. முதல் ஒரு லட்சம் வரியை எடுத்துப் பார்த்தால் அத்தனையும் ஜனவரியாக இருக்கும், சாரலையே பார்த்திருக்காது. எங்கெங்கோ இருந்து குலுக்கி எடுத்த 1 சதவீதம், பெரும்பாலான கேள்விக்குப் போதும். டேட்டாவில் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். செயலி வழியாகத் தண்ணீர்ப் புகார் வராத தெரு, தண்ணீர் நன்றாக வருகிற தெரு என்று பொருளில்லை. ஸ்மார்ட்போன் இல்லாத தெருவாகவும் இருக்கலாம்.

ஆட்களின் டேட்டா என்றால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு முன்னால் மரியாதையும் இருக்கிறது. போன் நம்பரை ஹேஷ் போட்டு (நேராகத் திருப்பிப் படிக்க முடியாத குறியாக மாற்றி) மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தமே 400 கோடி. அத்தனைக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட ஒரு லேப்டாப்புக்குப் பெரிய நேரம் ஆகாது. ரகசியச் சாவி சேர்த்து ஹேஷ் போடுங்கள், அல்லது எண்ணை எடுத்தே விடுங்கள். சின்ன ஊரில் தெரு, வயது, தொழில் மூன்றும் சேர்ந்தால் பெயர் இல்லாமலே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

கையில் எடுத்துப் பழக ஒன்று

இந்திய வானிலைத் துறை 1901-இலிருந்து நாள்தோறும் பெய்த மழையை 0.25 பாகைக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மேற்கிலிருந்து கிழக்கே 135 புள்ளி, தெற்கிலிருந்து வடக்கே 129 புள்ளி, ஆக நாளுக்கு 17,415 எண்கள். எண்ணுக்கு 4 பைட். சாதாரண ஆண்டின் கோப்பு 25,425,900 பைட், லீப் ஆண்டு என்றால் 25,495,560. இறக்கியதும் முதல் வேலை இந்த அளவைச் சரிபார்ப்பது. ஒரு பைட் குறைந்தாலும் பாதியில் அறுந்த கோப்பு. நூற்றிருபது ஆண்டும் சேர்த்து 3 ஜிபிதான், எண்ணிக்கையோ எழுபத்தாறு கோடி. லேப்டாப்பில் ஓடும், ஆனால் எக்செல்லில் திறக்காது. பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைப்பது அரிது.

வரிசை 6.5 பாகை வடக்கு, 66.5 பாகை கிழக்கில் தொடங்கி, கிழக்கே போய்க்கொண்டே இருக்கும்; 135 புள்ளி முடிந்ததும் 6.75 வடக்குக்கு ஏறும். திருநெல்வேலிக்கு அருகில் உள்ள புள்ளி 8.75, 77.75. சுழியிலிருந்து எண்ணினால் வடக்கே 9-ஆவது, கிழக்கே 45-ஆவது. 9 × 135 + 45 = 1,260. 2023 டிசம்பர் 18 அந்த ஆண்டின் 352-ஆவது நாள், எனவே 351 நாளைத் தாண்ட வேண்டும். நாளுக்கு 69,660 பைட். 351 × 69,660 + 1,260 × 4 = 24,455,700. கோப்பின் தொடக்கத்திலிருந்து இத்தனை பைட்டைத் தாண்டி, அடுத்த நான்கு பைட்டைப் படித்தால் நெல்லைக் கட்டத்தின் அன்றைய மழை மி.மீ. கணக்கில் கிடைக்கும்.

காயல்பட்டினத்துக்கு அருகில் உள்ள புள்ளியைப் படித்தால் 95 செ.மீ. அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுற்றியுள்ள மழைமானிகளின் எண்களைத் தூரத்துக்கு ஏற்பப் பங்கிட்டுக் கணக்கிட்ட எண் அது, உச்சங்கள் மழுங்கித்தான் இருக்கும். ஒரு கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் அகலம், பாபநாசம் மலையின் மழையும் அடிவாரத்து வெயிலும் ஒரே கட்டத்துக்குள் கலந்துவிடலாம். நெல்லைக்கு -999 வந்தால் பதற வேண்டாம். மழைமானி இல்லாத கடலுக்கும் வெளிநாட்டுக்கும் போட்டிருக்கிற எண் அது. 9-ஐயும் 45-ஐயும் இடம் மாற்றிப் போட்டிருப்பீர்கள். 17.75 வடக்கு, 68.75 கிழக்கு என்பது மும்பைக்குத் தென்மேற்கே அரபிக்கடல்.